கையில்லாத கோல்கீப்பரோடு பெங்களூரில்

அலுவலகப் பயிற்சிக்காக ஒரு வாரம் பெங்களூரு போய்வரச் சொன்னார்கள். பெட்டியில் முதலில் கோல்கீப்பரைத்தான் எடுத்துவைத்தேன். புடவைகள் பிறகு.

தலை தனி, உடம்பு தனி, கால்கள் தனித்தனி, இடது கை ஒன்று. வலது கை இல்லை. எல்லாம் தந்த நிறத்தில், பிளாஸ்டிக்போல இறுகும் ரெசினில் வார்த்த துண்டுகள். தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்தால் ஒரு ஜாண் அளவில், பந்தை நோக்கிப் பாயும் மனிதன் ஒருவன் கிடைப்பான். இப்படித் துண்டுதுண்டாகப் பொம்மை வாங்கி வீட்டில் உட்கார்ந்து செய்கிறவர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள் என்பது போன வருஷம்வரை எனக்குத் தெரியாது.

எனக்கு வயது நாற்பத்தாறு. மதுரையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மார்பில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, முடி இப்போதுதான் ஆண்பிள்ளை கிராப் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. நோய் போய்விட்டது என்றார் டாக்டர். ஆனால் ஏற்றிய மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டது. புடவைக்கு ஊக்குக் குத்த முடியாது. சில்லறையைத் தடவி எண்ண முடியாது. காபி டம்ளரை என் கணவர் முதலில் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகே என் கையில் கொடுப்பார். சூடு தெரியாமல் ஒருமுறை தோல் கொப்பளித்ததிலிருந்து அப்படி.

"உணர்ச்சி மெதுவா திரும்பலாம். விரலுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்துக்கிட்டே இருங்க. பூக்கட்டுங்க, பாசி கோத்துப் பாருங்க" என்றார் பிசியோதெரபி பெண். பூவும் பாசியும் எனக்கு எரிச்சல் தந்தன. இணையத்தில் வேறு எதையோ தேடும்போது இந்தப் பொம்மைகள் கண்ணில் பட்டன. பெரும்பாலும் சிறகு முளைத்தவர்கள், கத்தி தூக்கியவர்கள். நடுவே இவன் ஒருவன் கையுறைகூட இல்லாமல், விரல்களை அகல விரித்துப் பாய்ந்துகொண்டிருந்தான். உடனே வாங்கினேன்.

அனுப்பியவர் பெங்களூரு ஜீவனஹள்ளியில் இருக்கும் ஸ்டெல்லா. பார்சலில் வலது கை இல்லை. எழுதினேன், மன்னிப்புக் கேட்டு ஒரு கை அனுப்பினார். அதில் இரண்டே விரல்கள். இன்னொன்று வந்தது, கட்டைவிரல் வழியில் உடைந்திருந்தது. அதன்பிறகு பதில் நின்றுபோனது. சரி, நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை காலை எலெக்ட்ரானிக் சிட்டி. மேம்பாலச் சாலையில் கார் பறந்தது; இறங்கியதும் விருந்தினர் விடுதிக்குப் போகும் கொஞ்ச தூரத்துக்கு, பறந்ததைவிட அதிக நேரம் நின்றது. மதுரையில் இவ்வளவு நேரம் நின்றால் யாராவது இறங்கி யாரிடமாவது சண்டை போட்டிருப்பார்கள். இங்கே எல்லாரும் மடிக்கணினியைத் திறந்தார்கள்.

காலை உணவுக்குக் காரா பாத் என்ற உப்புமா. நன்றாகவே இருந்தது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சேலத்துக்காரர் ஒருவர் கரண்டியை வைத்துவிட்டு, "இது சாம்பாரா பாயசமா?" என்று தன் தட்டைக் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பல மாதங்களாக எதைத் தின்றாலும் தகரத்தை நக்கியதுபோல இருந்த நாக்குக்கு, இனிப்பு இனிப்பாகத் தெரிவதே பெரிய விஷயம்.

செவ்வாய் மாலை கோல்கீப்பரைக் குளிப்பாட்டினேன். ரெசின் துண்டுகளில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்துக் கழுவாவிட்டால் வண்ணம் ஒட்டாது என்று காணொளிகளில் சொல்லியிருந்தார்கள். குளியலறை மக்கில் எல்லாவற்றையும் போட்டு, ஊறட்டும் என்று சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது வராந்தாவிலேயே கூச்சல் கேட்டது. குளியல் துண்டு மாற்ற வந்த விடுதிப் பணிப்பெண் மஞ்சுளா கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சோப்பு நுரைக்கு மேலே ஒரு தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

"அம்மா, இது என்ன மந்திரம்? எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்" என்றாள் கன்னடத்தில். கூட வந்த காவலாளி சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னார். நான் துண்டுகளை எடுத்துத் துடைத்து, படுக்கைமேல் உடம்பாக அடுக்கிக் காட்டினேன். அவள் கிட்டே வந்து பார்த்தாள். "இன்னொரு கை எங்கே?" "ஜீவனஹள்ளியில்." அன்றிலிருந்து தினமும் காலையில் கதவைத் தட்டியதும் அவள் முதலில் கேட்பது அதுதான்: கை வந்துவிட்டதா?

புதன்கிழமை பயிற்சி சீக்கிரம் முடிந்தது. வண்ணமும் தூரிகையும் வாங்க மல்லேஸ்வரம் போனேன். மெட்ரோவில் பாதை மாறும் இடத்தில் எதிர்த்திசை வண்டியில் ஏறி, இரண்டு நிலையம் போனபின் உறைத்தது. இறங்கித் திரும்பினேன். என்னைப்போலவே தவறாக ஏறிய ஒரு கல்லூரிப் பெண் கூட வந்தாள். "நான் மூணு வருஷமா இங்க இருக்கேன் ஆன்ட்டி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள்.

ஓவியப் பொருள் கடைக்காரர் தன் வேலைப் பையனிடம் கன்னடமும் என்னிடம் தமிழும், கணக்குப் போடும்போது ஆங்கிலமும் பேசினார். "யாருக்கு மேடம், குழந்தை ப்ராஜெக்டா?" "எனக்குத்தான்." அவர் என் கிராப்பையும் புடவையையும் ஒருமுறை பார்த்தார், பிறகு மேலடுக்கிலிருந்த நல்ல தூரிகைகளை இறக்கினார். "ரொம்ப மெல்லிசு வேணாம். பிடிக்கக் கஷ்டமா இருக்கும். மொதல்ல ப்ரைமர் ஒரு கோட் அடிச்சுடுங்க. அடிக்கலேன்னா பெயின்ட் நிக்காது." பிறகு எதிரே இருந்த ஓட்டலில் வெண்ணெய் மிதக்கும் தோசை. மதுரையில் தோசைக்கு நாலு சட்னி வைப்பார்கள். இங்கே ஒன்றே ஒன்று, பச்சையாக. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

அன்று மாலை பொம்மையின் இடது காலைப் பீடத்தில் நிறுத்தப் பார்த்தேன். பாய்கிற உடம்பின் எடை முழுவதும் இடது காலின் பெருவிரலில் நிற்கிறது. வெறும் பசை தாங்காது. இரண்டு பக்கமும் துளை போட்டு, நடுவே கம்பித் துண்டு செருகி ஒட்ட வேண்டும். சின்னக் கை டிரில்லைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பாதத்தில் சிவப்பாக ஏதோ வழிந்தது. டிரில் நழுவி என் ஆள்காட்டி விரலில் இறங்கியிருந்தது. எனக்குத் துளிகூட வலிக்கவில்லை.

வலித்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். கணவர் போன் செய்து, "மாத்திரை போட்டியா?" என்றார். "போட்டேன்." "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "தூசி." ரெசினைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகமூடி போட வேண்டும் என்று ஊரிலேயே எனக்கு ஆயிரம் முறை சொன்னவர் அவர். "மாஸ்க் போடலையா?" என்று திட்ட ஆரம்பித்தார். திட்டு வாங்கியதும் கொஞ்சம் தெளிந்தது.

வியாழக்கிழமை மழையில் ஜீவனஹள்ளிக்குக் கிளம்பினேன். பாதி தூரம் பஸ், அங்கிருந்து ஆட்டோ. மழைச் சத்தத்தில் ஓட்டுநருக்கு முகவரி பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. ரொம்ப நேரம் ஓட்டி, பெருமையாக இறக்கிவிட்டார். பெயர்ப்பலகையைப் படித்தேன்: ஜீவன் பீமா நகர். ஆயுள் காப்பீட்டு நகர் என்று அர்த்தம். வாழ்நாளெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவளை அவர் சரியான இடத்தில்தான் இறக்கியிருக்கிறார்.

"ஜீவன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று அவர் இந்தியும் கன்னடமும் கலந்து கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இனி எங்கேயும் போக முடியாது என்று இருவரும் ஒரு டீக்கடைக் கூரையின்கீழ் நின்றோம். அங்கிருந்து ஸ்டெல்லாவுக்கு ஒரு செய்தி போட்டேன்: "சனிக்கிழமை வருகிறேன். கை வாங்காமல் மதுரைக்குப் போகமாட்டேன்."

இரண்டு வாரமாக வராத பதில் உடனே வந்தது. "அக்கா சாரி. வர வேணாம். அதெல்லாம் நிறுத்திட்டேன். கைக்குப் பதிலா ஒரு ப்ளம் கேக் அனுப்பறேன்."

கைக்குப் பதிலாகக் கேக். அதைப் படித்தபோதுதான் போயே தீர வேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை, மழை விட்ட வெயிலில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலிலேயே வெனிலா வாசனை. மாவு படிந்த ஏப்ரனோடு முப்பத்தைந்து வயதுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, மெய்யாலுமே வந்துட்டீங்களாக்கா!"

ஸ்டெல்லாவின் தொழில் கேக் செய்வது. பிறந்தநாள், கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும். கேக்மேல் வைக்கும் சர்க்கரைப் பொம்மைகளைச் சிலிகான் அச்சில் எடுத்துப் பழகியவள், அழியாத பொம்மை ஒன்று செய்துபார்க்கலாமே என்று ரெசினில் இறங்கியிருக்கிறாள். முதல் பொம்மை அவள் கணவர் வில்சன். கம்பெனி கேப் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை அணிக்குக் கோல்கீப்பர். அவர் உள்ளேயிருந்து பனியனோடு வந்தார். நான் பெட்டியைத் திறந்து உடம்பை எடுத்துக் காட்டியதும் அதைக் கையில் வாங்கித் தன் வயிற்றுப் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்கக்கா. என் தொப்பைய எங்க வெச்சான்னே தெரியல."

"அத்த வெச்சா அச்சு பத்தாது" என்றாள் ஸ்டெல்லா. சிரிப்பு உடனே அடங்கியது. மூலையில் ஒரு கோணிப்பையைக் காட்டினாள். "அல்லாம் அதுல கீதுக்கா. அச்சு, மிச்ச ரெசின், அல்லாமே. யாராச்சும் கேட்டா குடுத்துட வேண்டியதுதான். வாங்கினவங்க அத்தினி பேரும் விரல் இல்ல, விரல் இல்லன்னே எழுதறாங்க. கேக்குன்னா தின்னுட்டுப் போய்டுவாங்க, குத்தம் தெரியாது. இது அப்டியே நின்னுகினு என் மூஞ்சியப் பாக்குது."

"எனக்கும் இது முதல் பொம்மைதாம்மா" என்றேன். "எதுல ஒட்டணும், எதுல ஓட்டை போடணும்னே தெரியாம பாதி விரலைக் கிழிச்சு வச்சிருக்கேன். கேக் வேணாம். ஒரே ஒரு தடவை எனக்காக வார்த்துப் பாருங்க. வரலைன்னா ரெண்டு விரலோடயே ஒட்டிக்கிறேன்."

வில்சன் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மொட்டைமாடியில், காற்றுக்கு முதுகைக் காட்டி, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டோம். ரெசின் கலவைக்கான இரண்டு குப்பியிலிருந்தும் சம அளவு ஊற்றிக் காகிதக் கோப்பையில் மெதுவாகக் கலக்கினாள் ஸ்டெல்லா. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய அச்சுக்குள் விட்டாள். தேன்போல் இருந்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால்போல் வெளுத்தது. பிரித்தோம். மோதிரவிரலும் சுண்டுவிரலும் இல்லை. அச்சின் மூலையில் காற்று சிக்கிக்கொள்கிறது. விரல் மெல்லிசு; காற்று வெளியே போக வழி இல்லை.

"சொன்னேன்ல" என்றாள். குரல் தேய்ந்துவிட்டது.

கீழே வந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். சாயங்காலம் ஒரு கேக் கொடுக்க வேண்டும் என்று ஸ்டெல்லா அதற்கான ரோஜாக்களைச் செய்ய உட்கார்ந்தாள். சர்க்கரை மாவை அச்சில் அமுக்குவதற்கு முன், மெல்லிய துணியில் கட்டிய சோளமாவால் அச்சைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அது எதுக்கும்மா?"

"இது தட்டினாதான்க்கா மாவு சந்துபொந்துக்கெல்லாம் போவும். இல்லாட்டி இதழு நுனியில நின்னுக்கும்."

"அப்ப மாடியில ஏன் தட்டலை?"

அவள் கை நின்றது. "சோளமாவுல ஈரம் இருக்கும்க்கா. ரெசின்ல ஈரம் பட்டா நுரை கட்டிக்கும்" என்றாள் யோசனையோடு. கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த வில்சன், அலமாரித் தட்டிலிருந்த முகப்பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினார். "இதுல ஏது ஈரம்?"

மறுபடி மாடி. விரல் இடுக்குகளில் பவுடர் தட்டி, ஊதி, முதலில் தூரிகையால் ஒவ்வொரு விரல் குழியிலும் ரெசினைத் தடவினாள். பிறகு அச்சைச் சாய்த்து, வில்சன் அடியில் விரலால் தட்டிக்கொண்டே இருக்க, நூலாக ஊற்றினாள். நான் குடை பிடித்தேன். வானம் மறுபடி கறுத்திருந்தது. வெளுத்து இறுகும்வரை மூவரும் அச்சின்மேல் குனிந்து நின்றோம். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த ஒருவர், நாங்கள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "ஏனாய்த்து?" என்று, என்ன ஆயிற்றோ என்ற கவலையோடு கன்னடத்தில் விசாரித்தார்.

ரப்பர் பேண்டை எடுத்து அச்சைப் பிரித்தாள். கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல், நகத்தோடு.

ஸ்டெல்லா கத்திய கத்தலில் பக்கத்து மாடிக்காரர் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டார். நான் கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் நீட்டிய கையை வாங்கினேன். வாங்கியவள் அப்படியே நின்றேன்.

"சூடா இருக்கு" என்றேன்.

"ஆமாக்கா, இறுகறப்ப சூடாவும். கொஞ்ச நேரத்துல ஆறிடும்."

"இல்ல ஸ்டெல்லா. எனக்குச் சூடு தெரியுது."

அவளுக்குப் புரியவில்லை. அதுவரை என் கிராப்பைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அந்த மாடியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர், ஊக்கு, புதன்கிழமை ரத்தம். கேட்டுக்கொண்டே அவள் அந்தக் கையை என் ஒவ்வொரு விரல் நுனியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். "இங்க? இங்க?" கட்டைவிரலில் தெரிந்தது. ஆள்காட்டியிலும் நடுவிரலிலும் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல, ஆனால் தெரிந்தது. மற்ற இரண்டுக்கும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. வில்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரயில் பாதையைப் பார்த்தார். மழைத் துளி விழ ஆரம்பித்ததும், "அய்ய, கெமிக்கல் நனையுது!" என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினார்.

அன்று சாயங்காலம்வரை அங்கேயே இருந்தேன். கம்பி வைத்துக் கையை ஒட்டினோம். ப்ரைமர் அடித்துக் காயவைத்தோம். மஞ்சள் சட்டையை நான் அடித்தேன், காலர் கோணிவிட்டது. ஒன்றாம் எண்ணை வில்சன் தானே எழுதுவேன் என்று அடம்பிடித்தார். அது காலரைவிடக் கோணல். முகத்தை ஸ்டெல்லா எடுத்துக்கொண்டாள். கணவரை எதிரே உட்காரவைத்து, "ஆடாத, ஆடாத" என்று அதட்டிக்கொண்டே வரைந்தாள். இடையில் மதுரையிலிருக்கும் என் கணவரைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் அவர் டி.வி.யை அணைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "எந்த விரல்னு சொன்ன? மறுபடி சொல்லு" என்றார்.

ஞாயிறு காலை மைதானத்தில் ஆட்டம். பூசை முடிந்து நேராக வந்த குடும்பங்கள், பைபிளும் குழந்தைகளுமாக ஓரத்தில் நின்றன. எனக்குக் கால்பந்தில் ஒன்றும் தெரியாது. பந்து வில்சன் பக்கம் வரும்போதெல்லாம் ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்து நசுக்கியதை வைத்து ஆபத்தைத் தெரிந்துகொண்டேன். இரண்டு கோல் விட்டார். மூன்றாவதை, தொப்பையோடு காற்றில் எழும்பி, விரல் நுனியால் தட்டிவிட்டார். நான் மதுரைச் சந்தையில் கத்துவதுபோலக் கத்தினேன்.

இடைவேளையில் ஸ்டெல்லா அட்டைப்பெட்டியைத் திறந்து பொம்மையைக் காட்டினாள். அணி முழுக்கச் சேற்றுக் கால்களோடு சுற்றிக்கொண்டது. "மச்சி, மெய்யாலுமே நீதாண்டா!" பின்வரிசையில் ஆடும் உயரமான ஒருவர், மற்றவர்கள் அடங்கியதும் தயங்கிக்கொண்டே கேட்டார்: "எனக்கு ஒண்ணு பண்ணித் தருவீங்களாக்கா? என் பொண்ணுக்குக் குடுக்கணும்."

ஸ்டெல்லா அவரை மேலும் கீழும் அளந்தாள். "மீசையோடவா, எடுத்துட்டா?"

அவர் யோசிக்க ஆரம்பித்தார். கோணிப்பையை இனி அவள் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாம் பாதி பார்க்க முடியாமல் ரயிலுக்குக் கிளம்பினேன். பெட்டியில் வைத்தால் காயாத வண்ணம் அழிந்துவிடும் என்று பொம்மையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி ஓசூர்ப் பக்கம் வரும்போது எதிர் இருக்கை அம்மாள், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராகக் கையை உயர்த்தியபடி கேட்டார்.

"எந்தச் சாமிம்மா இது?"

"சாமி இல்லம்மா. கோல்கீப்பர். பேரு வில்சன்."

"நீங்களே பண்ணுனதா?"

"நாங்க மூணு பேரு."

அவர் கையை நீட்டினார். "வாங்கிப் பாக்கலாமா?"

"பாருங்க" என்று கொடுத்தேன். "பெயின்ட் இன்னும் சரியா காயல. வலது கையப் பிடிச்சுக்கங்க, அது உடையாது."